டிரான்ஸ்பார்மரை எந்த மூலையில் ஒளித்து வைப்பது?

வாசகர் கேள்வி:

மேடவாக்கம் அருகே 56 வீடுகள் கொண்ட அடுக்குமாடிக் குடியிருப்பு எங்களுடையது. ஸ்டில்ட் பார்க்கிங்குக்கு மேல் ஐந்து மாடி. நான் சங்கச் செயலாளர். இதுவரை தெருவில் இருக்கும் டிரான்ஸ்பார்மரிலிருந்துதான் சப்ளை. வீட்டுக்கு இரண்டு ஏ.சி., ஏழெட்டு மின்சாரக் கார் என்று ஆன பிறகு, மே மாத ராத்திரிகளில் பீஸ் போவது வழக்கமாகிவிட்டது. வளாகத்துக்குள் இடம் கொடுத்தால் 500 கே.வி.ஏ. டிரான்ஸ்பார்மர் ஒன்று வைக்கலாம் என்று ஈபியில் சொல்கிறார்கள். எந்த இடம் என்பதில்தான் சண்டை. முதலாவது, முன்பக்கம் கேட்டுக்கு இடப்புறம், விருந்தாளிகளின் டூவீலர் நிற்கும் இடம். ஆனால் முதல் மாடியில் ஒருவருடைய படுக்கையறை ஜன்னல் அங்கிருந்து 6 மீட்டர்தான். இரண்டாவது, பின்பக்கச் சந்து. அகலம் 11 அடி, மூன்று பக்கமும் சுவர், யார் கண்ணிலும் படாது. பெரும்பாலானவர்களுக்கு இதுதான் பிடித்திருக்கிறது. மூன்றாவது, ஸ்டில்ட்டிலேயே மீட்டர் ரூமை ஒட்டி. வாஸ்துப்படி தென்கிழக்கில்தான் வைக்க வேண்டும் என்று ஒரு பெரியவர் பிடிவாதம் பிடிக்கிறார். இரைச்சல் எவ்வளவு இருக்கும்? கதிர்வீச்சு ஆபத்தா? சுற்றி மரம் நட்டால் சத்தம் குறையுமா?

பதில்:

வணக்கம். கடிதத்தோடு நீங்கள் அனுப்பிய கைவரைபடத்தில் அளவுகள் எல்லாம் குறித்திருப்பதால் என் வேலை பாதி குறைந்தது. முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: முன்பக்கம். ஆனால் நீங்கள் புள்ளி வைத்த இடத்தில் வேண்டாம், அங்கிருந்து தெருப்பக்கமாக ஒன்றரை மீட்டர் தள்ளி. காரணத்தைச் சொல்ல, பெரும்பாலானவர்களுக்குப் பிடித்த அந்தப் பின்பக்கச் சந்திலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும்.

முப்பது வருடமாக இந்த வேலையில் இருக்கிறேன். எந்தக் குடியிருப்புக்குப் போனாலும் டிரான்ஸ்பார்மருக்குக் காட்டும் இடம் ஒரே மாதிரிதான் இருக்கும். கொல்லைப்புறம், குப்பைத் தொட்டிக்குப் பக்கம், கழிவுநீர்ச் சுத்திகரிப்புத் தொட்டிக்குப் பின்னால். கண்ணில் படாவிட்டால் காதிலும் விழாது என்று ஒரு நம்பிக்கை. நடப்பது நேர் தலைகீழ்.

டிரான்ஸ்பார்மர் ஏன் 'ம்ம்ம்' என்கிறது என்று தெரிந்தால் இது விளங்கிவிடும். உள்ளே மெல்லிய இரும்புத் தகடுகளை அடுக்கிச் செய்த கோர் இருக்கிறது. அதில் காந்தப்புலம் ஏறும்போது இரும்பு மீட்டருக்கு ஒரு சில மைக்ரான் அளவுக்கு நீண்டு சுருங்கும். நம் மின்சாரம் விநாடிக்கு 50 சுற்று. ஒவ்வொரு சுற்றிலும் காந்தம் இரண்டு முறை உச்சத்துக்குப் போவதால் இரும்பு விநாடிக்கு 100 முறை துடிக்கிறது. அந்த 100 ஹெர்ட்ஸ்தான் நீங்கள் கேட்கும் ரீங்காரம். அதோடு 200, 300 என்று அதன் மடங்குகளும் கலந்து வரும். இந்தச் சத்தத்துக்கும் லோடுக்கும் பெரிய சம்பந்தம் இல்லை. 56 வீட்டிலும் விளக்கை அணைத்துவிட்டுப் படுத்தாலும் டிரான்ஸ்பார்மர் பாடிக்கொண்டேதான் இருக்கும். சொல்லப்போனால் ஊர் அடங்கிய பிறகு லைனில் வோல்டேஜ் கொஞ்சம் ஏறும், அதனால் சத்தமும் கொஞ்சம் ஏறும். சுற்றிலும் மற்ற ஓசைகள் அடங்கியிருக்கும் நேரம் வேறு. 'பகலில் இல்லாத சத்தம் ராத்திரி எப்படி வருகிறது, இதில் ஏதோ கோளாறு' என்று எனக்கு வரும் போன்களில் பாதிக்கு இதுதான் பதில்.

இப்போது உங்கள் சந்துக்கு வருவோம். திறந்த வெளியில் வைத்தால் சத்தம் நாலா பக்கமும் பரவிக் கரைந்துபோகும். பக்கத்தில் ஒரு சுவர் வந்தால் அந்தப் பக்கம் போக வேண்டிய சத்தமும் திரும்பி வந்து சேர்ந்துகொள்ளும். ஒரு சுவருக்கு 3 டெசிபல் வரை கூடும் என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்களுக்கு மூன்று சுவர். அதோடு இன்னொரு சங்கடமும் இருக்கிறது. 100 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் காற்றில் சுமார் 3.4 மீட்டர். உங்கள் சந்தின் அகலம் 11 அடி, அதாவது ஏறக்குறைய அதே 3.4 மீட்டர். அலைநீளத்தின் பாதிக்கோ முழுமைக்கோ பொருந்தும் இடைவெளியில் இரண்டு சுவர்கள் எதிரெதிரே நின்றால், ஒலி அவற்றுக்கிடையே மாட்டிக்கொண்டு ஒன்றன்மேல் ஒன்றாக ஏறி நிற்கும். காலிக் குடத்துக்குள் வாயை வைத்துப் பேசினால் ஒரு சுருதியில் மட்டும் 'கும்' என்று எழும்புமே, அதே கதைதான். நீங்கள் வேண்டுமென்று தேடினாலும் இதைவிடப் பொருத்தமான குடம் கிடைக்காது. பின்பக்கத்து வீடுகளின் ஜன்னல்கள் நேராக அதன் வாய்க்கு மேல் இருக்கின்றன.

சத்தத்தை விடுங்கள். இடத்தைத் தீர்மானிக்கும்போது எனக்கு அது இரண்டாவது கேள்விதான். முதல் கேள்வி, ஒருநாள் இது தீப்பிடித்தால் நெருப்பு எங்கே போகும், எண்ணெய் எங்கே ஓடும், லாரி எப்படி வரும் என்பது. 500 கே.வி.ஏ. டிரான்ஸ்பார்மருக்குள் சில நூறு லிட்டர் எண்ணெய் இருக்கும். குளிரூட்டவும் மின்காப்புக்கும்தான் அந்த எண்ணெய், ஆனால் எரியக்கூடியது. நல்ல டிரான்ஸ்பார்மர் லேசில் பற்றிக்கொள்ளாது. கேபிள் முனையை இறுக்கும் லக் ஒன்று எல்.டி. பக்கத்தில், அதாவது வீடுகளுக்குச் சப்ளை போகும் குறைந்த வோல்டேஜ் பக்கத்தில், தளர்ந்து பழுத்துச் சிவந்து பொறி விடுவது, கீழே யாரோ குப்பையைக் கொளுத்துவது, கோடைகால ஓவர்லோடு, இப்படி ஏதாவது ஒன்றில்தான் ஆரம்பிக்கும். மூன்று சுவருக்குள் அது நடந்தால் சந்து புகைபோக்கியாகிவிடும். தீச்சுவாலை ஐந்து மாடி சமையலறை ஜன்னல்களைத் தடவிக்கொண்டுதான் மேலே போகும். பின்பக்கத்துக்குத் தீயணைப்பு வண்டியும் வர முடியாது.

அப்புறம் எடை. இந்த அளவு டிரான்ஸ்பார்மர் ஒன்றரை டன்னுக்கு மேல் இருக்கும். மே மாதம் ராத்திரி பத்து மணிக்கு அது எரிந்துபோனால், முன்பக்கம் இருந்தால் கிரேன் லாரி கேட்டிலேயே நின்று பழையதைத் தூக்கிப் புதியதை இறக்கிவிடும். சந்துக்குள் இருந்தால் உருளைக் கட்டை, செயின் பிளாக், ஏழெட்டு ஆள் என்று மறுநாள் சாயங்காலம் வரை இழுக்கும். அந்த ஒரு ராத்திரி மின்விசிறி இல்லாமல் கிடந்தால் சந்துக்கு ஓட்டுப் போட்ட அத்தனை பேரும் கட்சி மாறிவிடுவார்கள். வேலை செய்ய இடமும் அங்கே போதாது. டிரான்ஸ்பார்மர் நிறுவுவதற்கான இந்தியத் தரநிலை 10028, ஒரு பக்கம் மட்டும் சுவர் என்றால் அரை மீட்டர் இடைவெளி போதும் என்கிறது, இரண்டு பக்கம் என்றால் 0.75, மூன்று பக்கம் என்றால் 1 மீட்டர், நான்கு பக்கமும் அடைத்த அறை என்றால் 1.25. சுவர் கூடக்கூட இடைவெளியும் கூடுவதற்குக் காரணம் காற்றோட்டம். டிரான்ஸ்பார்மரின் அகலத்தையும் இருபுறமும் ஒவ்வொரு மீட்டரையும் கழித்தால் உங்கள் 11 அடியில் எல்.டி. பெட்டியின் கதவைத் திறக்கக்கூட இடம் மிஞ்சாது.

ஸ்டில்ட் யோசனையைச் சீக்கிரம் முடித்துவிடலாம். குடியிருப்புக் கட்டடத்துக்குள் வைப்பதானால் எண்ணெய் இல்லாத உலர் வகை டிரான்ஸ்பார்மர் மட்டுமே என்று 2023 வரை நடப்பில் இருந்த மத்திய மின்சார ஆணையத்தின் 2010 பாதுகாப்பு விதிமுறைகளே சொல்லிவிட்டன. உலர் வகை விலையும் அதிகம், சத்தமும் கொஞ்சம் அதிகம். அதைவிட முக்கியமாக, அது கட்டடத்தின் தரையிலேயே நிற்கும். துடிப்பு தூண் வழியாக ஏறி மூன்றாவது மாடிச் சுவரில் போய்ப் பேசும். சுற்றிலும் பெட்ரோல் வண்டிகள். மேடவாக்கத்தில் 2015-லும் 2023 டிசம்பரிலும் உங்கள் ஸ்டில்ட்டில் தண்ணீர் எந்த மட்டம் வரை நின்றது என்று வாட்ச்மேனைக் கேளுங்கள், சுவரில் கறையைக் காட்டுவார். வேண்டாம்.

சரி, முன்பக்கம். 6 மீட்டர் தள்ளிப் படுத்திருப்பவருக்கு என்ன கேட்கும்? 500 கே.வி.ஏ. எண்ணெய் டிரான்ஸ்பார்மருக்கு அமெரிக்க மின்கருவி உற்பத்தியாளர் சங்கமான நெமாவின் அட்டவணை வைத்திருக்கும் வரம்பு 56 டெசிபல். இது தொட்டிக்கு ஓர் அடி தள்ளி அளப்பது. நம் ஊர் டெண்டர்களிலும் இந்த அட்டவணையைப் பார்க்கலாம். திறந்த வெளியில், கொஞ்சம் தள்ளிப்போன பிறகு, தூரம் இரட்டிப்பானால் 6 டெசிபல் குறையும். அந்தக் கணக்கில் 6 மீட்டரில் 40-ஐ ஒட்டி வரும். 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் குடியிருப்புப் பகுதிக்கு வைத்திருக்கும் வரம்பு பகலில் 55, இரவு 10 மணியிலிருந்து காலை 6 வரை 45. ஆக, சட்டப்படி தாராளம்.

ஆனால் இந்த எண்ணைக் காட்டி அந்த முதல் மாடிக்காரரின் வாயை அடைத்துவிடாதீர்கள். டெசிபல் மீட்டர் மனிதக் காதைப் போல எடை போட்டு அளக்கிறது. அந்தக் கணக்கில் 100 ஹெர்ட்ஸ் ஒலிக்குச் சுமார் 19 டெசிபல் தள்ளுபடி. செல்போன் ஆப் என்றால் இன்னும் மோசம், அந்த மைக்குகளுக்கு அடித்தொண்டைச் சத்தம் சரியாகப் பிடிபடாது. மழைச் சத்தம் 40 டெசிபல் இருந்தால் தூக்கம் வரும். ஒரே சுருதியில் விடாமல் இழுக்கும் ரீங்காரம் 40 இருந்தால் சிலருக்குத் தூக்கம் போகும். அவர் பயப்படுவது நியாயம்தான். அதனால்தான் ஒன்றரை மீட்டர் தள்ளச் சொன்னேன். உங்கள் வரைபடப்படி முன்பக்கத் திறந்தவெளி 11 மீட்டர், இடம் தாராளமாக இருக்கிறது.

இடத்தைவிடவும், எதோடு சேர்த்துக் கட்டுகிறோம் என்பதில்தான் பல பேர் கோட்டைவிடுகிறார்கள். சில வருடங்களுக்கு முன் ஒரு குடியிருப்பில் இரண்டாவது மாடிப் பெரியவர் ஒருவர் ஆறு மாதமாகத் தூங்கவில்லை என்று என்னைக் கூப்பிட்டார்கள். டிரான்ஸ்பார்மர் இருந்ததோ 12 மீட்டர் தள்ளி. முதல் மாடியில் ஒரு புகாரும் இல்லை. சங்கத்தில் எல்லோரும் அவருக்குத்தான் ஏதோ பிரமை என்று முடிவு கட்டியிருந்தார்கள். ராத்திரி இரண்டு மணிக்குப் போய் அவர் கட்டிலில் படுத்துப் பார்த்தேன். காதில் அவ்வளவாக இல்லை, தலையணையில் இருந்தது. எழுந்து சுவரில் உள்ளங்கையை வைத்தேன், பிறகு ஜன்னல் கம்பியில். கம்பி பூனை வயிறு மாதிரி அதிர்ந்துகொண்டிருந்தது. வெளியே டார்ச் அடித்துப் பார்த்தால், டிரான்ஸ்பார்மரிலிருந்து வரும் கேபிள் டிரேயை அந்த ஜன்னலுக்குக் கீழே நான்கு ஆங்கர் போல்ட் போட்டுக் கட்டடச் சுவரில் இறுக்கியிருந்தார்கள். மறுநாள் அந்த கிளாம்பைக் கழற்றி, தரையில் தனி ஸ்டாண்டு நட்டு, இடையில் ரப்பர் வைத்து, கேபிளுக்கு ஒரு தளர்வான வளைவு விட்டோம். செலவு சில ஆயிரம். பெரியவர் அன்று மத்தியானமே தூங்கிவிட்டதாக அவர் மனைவி போன் செய்தார்.

ஆகவே உங்கள் டிரான்ஸ்பார்மருக்குத் தனி கான்கிரீட் மேடை. கட்டடத்தின் அஸ்திவாரம், டிரைவ்வேயின் தளம் எதையும் அது தொடக்கூடாது. டிரான்ஸ்பார்மரின் அடிச் சட்டத்துக்கும் மேடைக்கும் நடுவே அதிர்வு தாங்கும் ரப்பர் பேடு. எல்.டி. பெட்டியை அதே மேடையில் போல்ட் போட்டு இறுக்காமல் தனியாக நிறுத்துங்கள். இல்லாவிட்டால் தகரக் கதவு ஜதி போடும். மேடையின் உயரத்தை 2015 வெள்ள மட்டத்துக்கு மேலே ஓர் அடியாவது வையுங்கள்.

இத்தனைக்குப் பிறகும் ராத்திரியில் சத்தம் உறுத்தினால், ஈபியின் உதவிப் பொறியாளரான ஏ.இ.யிடம் இரவு வோல்டேஜை அளக்கச் சொல்லுங்கள். 250-ஐத் தாண்டி நிற்கிறது என்றால் டிரான்ஸ்பார்மரில் வோல்டேஜைக் கூட்டிக் குறைக்கும் டேப்பை ஒரு படி மாற்றலாம். சப்ளையை நிறுத்திவிட்டுச் செய்கிற பத்து நிமிட வேலை. கோரில் ஏறும் காந்தம் குறையும், சத்தமும் குறையும், உங்கள் பிரிட்ஜும் நன்றி சொல்லும்.

கட்டடத்தின் பக்கம் மட்டும் ஒரு சுவர் எழுப்புங்கள். 9 அங்குலச் செங்கல் சுவர், டிரான்ஸ்பார்மரின் தலைக்கு மேல் ஓரடி போகட்டும், இடையில் ஒரு மீட்டர் விடுங்கள். இது நெருப்புக்காக. சத்தத்துக்கு இது பெரிதாக உதவும் என்று நான் சொல்ல மாட்டேன், முதல் மாடி ஜன்னல் அதற்கு மேலே இருக்கிறது, நீளமான அலை சுவரை வளைத்துக்கொண்டு ஏறிவிடும். மற்ற மூன்று பக்கமும் இரும்பு வலை வேலி. விதிமுறைப்படி 1.8 மீட்டருக்குக் குறையக்கூடாது. வேலிக்கும் எர்த் கொடுக்க வேண்டும். தெருப்பக்கம் காம்பவுண்டை உடைத்து ஈபிக்குத் தனிக் கேட் வைத்துவிட்டால் லைன்மேன் நடுராத்திரியில் வாட்ச்மேனை எழுப்ப வேண்டியதில்லை. அந்த இடத்தில் டூவீலர் மறுபடி வந்து நிற்கத்தான் பார்க்கும். முதல் நாளே கல் நட்டு மறித்துவிடுங்கள். குழந்தைகள் விளையாடும் இடம் உங்களுக்குப் பின்பக்கம் இருப்பது நல்லதாகப் போயிற்று. பந்து விழுந்தால் வேலி ஏறிக் குதிக்கும் வயது ஒன்று இருக்கிறது, அந்த வயதுக்கு அபாயப் பலகை படிக்கத் தெரியாது.

வேலிக்குள் மண் தரை வேண்டாம், அரையடி கனத்துக்கு ஜல்லி பரப்புங்கள். புல் முளைக்காது, சிந்தும் எண்ணெய் ஜல்லிக்குள் இறங்கும், மழைநாளில் உள்ளே கால் வைக்கும் லைன்மேனுக்கும் பாதுகாப்பு. தரையின் சரிவைக் கட்டாயம் பாருங்கள். வரைபடத்தில் கேட்டுக்குப் பக்கத்தில் மழைநீர்ச் சேகரிப்புக் குழி ஒன்று காட்டியிருக்கிறீர்கள். எண்ணெய் அதில் போய்ச் சேர்ந்தால் உங்கள் போர்த் தண்ணீர் கதை முடிந்தது. டிரான்ஸ்பார்மரைச் சுற்றி அரையடி உயரத்துக்குக் கரை கட்டி, குழியை வேறு பக்கம் மாற்றுங்கள். எர்த் குழிகளும் நான்கைந்து வரும்: நியூட்ரலுக்கு இரண்டு, பாடிக்கு இரண்டு, இடிதாங்கிக்குத் தனியாக. இவற்றுக்கும் இப்போதே இடம் ஒதுக்கி, சம்ப்பிலிருந்தும் போரிலிருந்தும் எவ்வளவு தள்ளி முடியுமோ அவ்வளவு தள்ளி வையுங்கள்.

வாஸ்து எனக்குத் தெரியாது. பெரியவர் சொல்லும் தென்கிழக்கு மூலையில் என்ன இருக்கிறது என்று உங்கள் வரைபடத்தில் பார்த்தேன். 60,000 லிட்டர் சம்ப் இருக்கிறது. அக்னி மூலையில் தண்ணீர் வைத்தபோது யாரும் கேட்கவில்லை போலிருக்கிறது.

கதிர்வீச்சு என்ற சொல்தான் பாதிச் சண்டைக்குக் காரணம். டிரான்ஸ்பார்மரைச் சுற்றி இருப்பது 50 ஹெர்ட்ஸ் காந்தப்புலம். எக்ஸ்ரேயோடு அதற்கு உறவே இல்லை. பொதுமக்களுக்கான சர்வதேச வழிகாட்டு அளவு, 2010-இல் வகுத்தபடி, 200 மைக்ரோடெஸ்லா. வேலிக்கு வெளியே அதன் பக்கத்தில்கூட வராது, சில மீட்டர் தள்ளினால் வீட்டு ஒயரிங்கின் அளவுக்கு இறங்கிவிடும். ஓடுகிற மிக்ஸியின் மேல் கை வைத்திருக்கும்போது உங்கள் கைக்குக் கிடைப்பது அதைவிடப் பல மடங்கு. மறைக்காமல் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 2002-இல் இந்தக் காந்தப்புலத்தை 'புற்றுநோய் உண்டாக்கும் சாத்தியம் இருக்கலாம்' என்ற 2பி பிரிவில் சேர்த்தது. வீட்டில் சராசரியாக 0.3, 0.4 மைக்ரோடெஸ்லாவுக்கு மேல் இருந்த குழந்தைகளிடம் ரத்தப் புற்றுநோய் கொஞ்சம் கூடுதலாகத் தெரிந்ததாகச் சில ஆய்வுகள் சொன்னதுதான் அடிப்படை. காந்தப்புலம்தான் காரணம் என்று நிரூபணமாகவில்லை. ஆனாலும் செலவில்லாமல் குறைக்க முடிந்ததைக் குறைத்துவிடுவது என் வழக்கம்.

அப்படிக் குறைக்க வேண்டுமானால் தொட்டியைப் பார்க்காதீர்கள், எல்.டி. பக்கத்தைப் பாருங்கள். நூற்றுக்கணக்கான ஆம்பியர் ஓடுவது அங்கேதான். டிரான்ஸ்பார்மரைத் திருப்பி அந்தப் பக்கத்தைத் தெருவைப் பார்க்க வைக்கச் சொல்லுங்கள். அங்கிருந்து மீட்டர் ரூமுக்குப் போகும் கேபிளை ஸ்டில்ட் கூரையில் தொங்கவிட்டுக் கொண்டுபோவதுதான் காண்ட்ராக்டர்களின் வழக்கம், சுலபம் என்பதால். அந்தக் கூரைதான் முதல் மாடிக்காரரின் படுக்கையறைத் தரை. டிரான்ஸ்பார்மரை ஏழரை மீட்டர் தள்ளி வைத்துவிட்டு அவர் கட்டிலுக்கு ஓரடி கீழே அத்தனை கரண்டையும் ஓட்டினால் என்ன பிரயோசனம்? தரையில் டிரெஞ்ச் வெட்டிப் புதைத்துக் கொண்டுபோங்கள், மூன்று பேஸும் நியூட்ரலும் ஒன்றாகச் சேர்ந்தே போகட்டும். ஒன்றின் புலத்தை மற்றது அழித்துவிடும்.

11 ஆயிரம் வோல்ட் லைன் எப்படி உள்ளே வருகிறது என்பதையும் ஏ.இ.யிடம் கேளுங்கள். கம்பியாக வந்தால் கட்டடத்திலிருந்து பக்கவாட்டில் 1.2 மீட்டர், கட்டடத்துக்கு மேலே போனால் 3.7 மீட்டர் இடைவெளி வேண்டும். காகிதத்தில் இது சரியாக இருக்கும். ஆறு மாதம் கழித்து யாராவது பால்கனிக்கு வெளியே கிரில் நீட்டுவார்கள், துணி காயப்போட அலுமினியக் குழாயைத் தூக்குவார்கள். கடைசிக் கம்பத்திலிருந்து டிரான்ஸ்பார்மர் வரை புதைகேபிளாகப் போடச் சொல்லி, கூடுதல் செலவைச் சங்கம் ஏற்றுக்கொள்வது நல்லது.

மரம் நட்டால் சத்தம் குறையாது. மூன்றரை மீட்டர் நீள அலைக்கு இலையும் கிளையும் ஒரு பொருட்டே இல்லை. அணிலும் காக்கையும்தான் சேரும், அணில், கம்பி உள்ளே நுழையும் பீங்கான் காப்பான புஷ்ஷிங்கில் ஏறினால் அதுவும் போகும், சப்ளையும் போகும். பார்வைக்கு மறைக்க ஆசைப்பட்டால் வேலிக்கு வெளியே ஒரு மீட்டர் தள்ளி இட்லிப்பூ வரிசை வையுங்கள். இடுப்புக்கு மேல் வளரவிடாதீர்கள்.

பொதுக்குழுவைக் கூட்டும் முன் ஒரு காரியம் செய்யுங்கள். உங்கள் ஏ.இ.யிடம் பக்கத்தில் இதே 500 கே.வி.ஏ. எங்கே இருக்கிறது என்று கேட்டு, இரவு பதினொரு மணிக்கு அந்த முதல் மாடிக்காரரை அழைத்துக்கொண்டு போங்கள். ஏழரை மீட்டர் தள்ளி ஐந்து நிமிடம் பேசாமல் நில்லுங்கள். அவர் சரி என்றால் தீர்மானத்தில் முதல் கையெழுத்து அவருடையதாக இருக்கட்டும். சகிக்கவில்லை என்றால் தெருப்பக்கம் இன்னும் ஒரு மீட்டர் தள்ளலாம், அந்த ஜன்னலுக்கு இரட்டைக் கண்ணாடி போடும் செலவைச் சங்கமே ஏற்கலாம். 56 வீட்டுக்கும் கிடைக்கும் வசதிக்கு ஒரு வீடு மட்டும் விலை கொடுக்கக் கூடாது. தீர்மானத்தோடு அளவு குறித்த வரைபடத்தையும் இணைத்து ஏ.இ.யிடம் முத்திரை வாங்கிவிடுங்கள். ஒருமுறை மேடை போட்டு லைன் இழுத்த பிறகு இடம் மாற்றுவதென்றால் முழுச் செலவும் உங்கள் தலையில்தான்.

கடைசியாக ஒரு சந்தேகம். வரைபடத்தில் கேட்டின் இடது தூணுக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு தென்னை வரைந்திருக்கிறீர்கள், உயரம் போடவில்லை. அளந்து எழுதுங்கள். மட்டை விழுந்தால் எது வரை வரும், காற்றில் மரமே சாய்ந்தால் வேலியைத் தொடுமா என்று பார்த்துச் சொல்கிறேன். அதுவரை மேடைக்குக் குழி தோண்ட வேண்டாம்.